கச்சித வெளியில் தொடர்வரிசை ஏன் ஒருங்க மறுக்கிறது?

கேள்வி: [0,1] இலிருந்து [0,1] இற்குச் செல்லும் எல்லாச் சார்புகளின் வெளி, புள்ளிவாரி ஒருங்கலின் இடத்தியலில் (ஒவ்வொரு புள்ளியிலும் தனித்தனியே பெறுமானங்கள் நெருங்குவதே இங்கு ஒருங்கல்) கச்சிதமானது, அதாவது எந்தத் திறந்த மூடலிலிருந்தும் முடிவுள்ள சில தொடைகளே வெளியை மூடப் போதும் என்று படித்தோம். அப்படியானால் எந்தத் தொடர்வரிசைக்கும் ஒருங்கும் துணைத் தொடர்வரிசை இருக்க வேண்டுமே? விரிவுரையாளர் இல்லை என்கிறார். பரீட்சையில் எதை எழுதுவது?
– பல்கலைக்கழக மாணவி, திருகோணமலை

பதில்: விரிவுரையாளர் சொன்னதுதான் சரி. வெளி கச்சிதமானது என்பதில் ஐயமில்லை. 1930இலேயே ரஷ்யக் கணிதவியலாளர் டைகோனொவ் நிறுவிவிட்டார். ஆனால் கச்சிதம் உறுதியளிப்பது ஒரு குவிபுள்ளியை மட்டுமே: அதைச் சூழ்ந்த ஒவ்வோர் அயலுக்குள்ளும் தொடர்வரிசை முடிவின்றித் திரும்பத் திரும்ப வரும். அதைத் துணைத் தொடர்வரிசையால் எட்டுவதற்கு அங்குள்ள அயல்களுக்கு எண்ணத்தக்க அடி ஒன்று, அதாவது எந்த அயலுக்குள்ளும் ஒன்றேனும் அடங்கும்படி 1, 2, 3 என எண்ணி வரிசைப்படுத்திய அயல்கள் இருந்தால் போதும். மெட்ரிக் வெளிகளில் அது தானாகவே கிடைப்பதால் இரண்டும் ஒன்றென்று பழகிவிடுகிறோம்.

தாளில் எழுதிப் பாருங்கள். ஒவ்வோர் எண்ணையும் துவித முறையில் விரியுங்கள். இரண்டு விரிவுகள் இருந்தால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். முதலாம் சார்பு எண்ணின் முதலாம் இலக்கத்தைத் தரட்டும், இரண்டாம் சார்பு இரண்டாம் இலக்கத்தை, இப்படியே. எந்தத் துணைத் தொடர்வரிசையை எடுத்தாலும், அதற்குரிய இடங்களில் 0, 1, 0, 1 என மாறி மாறியும் மற்ற இடங்களில் 0 ஆகவும் இலக்கங்கள் கொண்ட எண்ணை அமைக்கலாம். 0, 1 இரண்டும் முடிவின்றி வருவதால் அதற்கு ஒரே விரிவுதான். அந்த எண்ணில் உங்கள் துணைத் தொடர்வரிசை 0 இற்கும் 1 இற்கும் இடையே தாவிக்கொண்டே இருக்கும். விடைத்தாளுக்கு இது போதும்.

காரணம் வேண்டுமா? துறைமுகத்தின் ஒரு நாள் நீர்மட்டத்தை ஒரு சார்பாகக் கொள்ளுங்கள். அடிப்படை அயல் என்பது முடிவுள்ள சில நேரங்களில் எடுத்த அளவீடு. மற்ற நேரங்களில் நீர் எங்கும் நிற்கலாம். எண்ணத்தக்க அயல்கள் சேர்ந்தாலும் எண்ணத்தக்க நேரங்களே கட்டுப்படும். சார்பின் ஆட்சியை (அது வரையறுக்கப்பட்ட எண்களின் தொடையை) விகிதமுறு எண்களாகச் சுருக்கினால் வெளி மெட்ரிக் ஆகிவிடும், துணைத் தொடர்வரிசையும் கிடைக்கும். எனவே முதலில் ஆட்சி எண்ணத்தக்கதா என்று பாருங்கள்.

தொடர்ச்சியான சார்புகளுக்குள் நின்றாலும் சிக்கல் தீராது. 0 இற்கும் 1 இற்கும் இடைப்பட்ட பெறுமானங்களும் குறைந்தது 1/2 தொகையீடும் உள்ள தொடர்ச்சியான சார்புகளின் தொடையை எடுங்கள். முடிவுள்ள எந்தப் புள்ளிகளிலும் 0 இற்கு ஒடுக்கமாக இறங்கி, மற்ற இடங்களில் 1 ஆக நிற்கும் சார்பு அதில் உண்டு; ஆகவே பூச்சியச் சார்பு தொடையின் அடைப்பில் இருக்கிறது, அதாவது அதன் ஒவ்வோர் அயலிலும் தொடையின் சார்பு ஒன்று உண்டு. ஆனால் தொடையிலிருந்து எந்தத் தொடர்வரிசையும் அதை எட்டாது; எட்டினால், வரம்புற்ற ஒருங்கல் தேற்றப்படி தொகையீடுகள் 0 இற்குச் செல்ல வேண்டும். இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் இது. இங்கும் எண்ணத்தக்க தன்மை முற்றாக அற்றுப்போவதில்லை: எண்ணத்தக்க தொடைப்பிரிவு ஒன்றின் அடைப்பிலேயே பூச்சியம் கிடைக்கும். [0,1] இன் முடிவுள்ள பெருக்கங்கள் எல்லாம் லிண்டெலொவ் வெளிகள் (எந்தத் திறந்த மூடலிலிருந்தும் எண்ணத்தக்க தொடைகளே மூடப் போதுமானவை) என்பதால், ஆர்க்கன்கெல்ஸ்கி–பிட்கேயெவ் தேற்றம் அதை உறுதிசெய்கிறது.