பேன்ட்ரியில் ஒட்டிய இரண்டு சீட்டுகள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் சிங்கப்பூரில், ஜூரோங்கில் ஒரு பொறியியல் நிறுவனத்தில் பணிபுரிகிறேன். எங்கள் பிரிவில் தமிழர் பலர். பேன்ட்ரி குளிர்பதனப் பெட்டியில் நெடுநாளாகக் கிடந்த மீன்குழம்பு டப்பாவின் மேல் ஒருவர், "இக்குழம்புக்கு வரும் வாரம் காதுகுத்து, அனைவரும் வருக" என்று எழுதி ஒட்டினார். எல்லாரும் சிரித்தோம், படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினோம். டப்பா மட்டும் நகரவில்லை. பிறகு கழுவுதொட்டிக்கு மேலே, "கோப்பையை அப்படியே போடுங்கள், ஆன்ட்டிக்குப் பொழுது போக வேண்டாமா?" என்று வேறொரு சீட்டு வந்தது. ஆன்ட்டி என்பது எங்கள் துப்புரவுப் பணியாளர். அந்தச் சீட்டு எனக்குப் பிடிக்கவில்லை. சொன்னால் சிடுமூஞ்சி என்பார்கள். என்ன செய்யலாம்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

முதல் சீட்டு ஒரு டப்பாவைக் கேலி செய்கிறது. அதன் சொந்தக்காரரும் கூடச் சேர்ந்து சிரிக்கலாம். வேலை நெருக்கடி மிகுந்த இடத்தில் அத்தகைய சிரிப்பு தேவை என்றே கருதுகிறேன். இரண்டாவது சீட்டோ, அந்த அறையில் எதிர்த்துப் பேச இயலாத ஒருவரைக் கேலி செய்கிறது. அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாமல் இருக்கலாம்; அது தவறைக் குறைப்பதில்லை, கூட்டுகிறது. துப்புரவு நிறுவனங்கள் படிப்படியாக உயரும் சம்பள முறையைப் பின்பற்ற வேண்டும் என்பது 2014 முதல் நம் நாட்டில் உரிம நிபந்தனை. அத்தொழிலுக்குப் பயிற்சியும் தரநிலையும் உண்டென்று நாடு ஏற்றுக்கொண்டு இத்தனை ஆண்டுகள் ஆன பின்னும், நாம் குடித்த கோப்பையை அவருடைய பொழுதுபோக்கு என்று எழுதுவது எனக்கு வருத்தம் தருகிறது.

டப்பா ஏன் நகரவில்லை என்பதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். அனைவரையும் நோக்கி எழுதப்பட்ட சீட்டைப் படிப்பவர் ஒவ்வொருவரும் அது வேறு யாருக்கோ என்று எண்ணிக்கொள்கிறார். சிரித்து முடித்ததும் அந்த விஷயம் தீர்ந்துவிட்டது போன்ற நிறைவும் வந்துவிடுகிறது. அதைவிட முக்கியமான காரணம் ஒன்றுண்டு. பிறர் வீட்டுச் சாப்பாட்டை எடுத்துக் குப்பையில் போட நமக்கு என்ன உரிமை என்ற தயக்கம் நல்ல மனிதர்களுக்குத்தான் அதிகம் இருக்கும். ஆகவே உங்கள் பேன்ட்ரியில் குறைவது அக்கறை அன்று, அனுமதி. டப்பாவின் மேல் பெயரும் தேதியும் எழுத வேண்டும், வெள்ளிக்கிழமை மாலை அவை இல்லாதவற்றையும் நாள் கடந்தவற்றையும் அந்த வாரத்துக்குப் பொறுப்பானவர் யாரையும் கேட்காமல் அகற்றலாம் என்று எல்லாரும் ஒருமுறை கூடிப் பேசி ஒப்புக்கொள்ளுங்கள். சமைத்த குழம்பைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தாலும் மூன்று நான்கு நாள்களுக்குள் உண்டுவிடுவதே பாதுகாப்பு என்பதால், வாரம் ஒருமுறை என்பது கடுமையான விதியும் ஆகாது.

நம் உணவங்காடி நிலையங்களில் தட்டுகளைத் திருப்பி வைக்கச் சொல்லும் சுவரொட்டிகள் பல்லாண்டுகள் இருந்தன. 2021 செப்டம்பர் 1 முதல் அது அங்கே கட்டாயமாயிற்று. காப்பிக்கடைகளுக்கும் உணவு நிலையங்களுக்கும் 2022 ஜனவரி 1 முதல் விதி விரிந்தது. முதல் முறை எச்சரிக்கை, மறுமுறை 300 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அபராதம் என்பதைப் பலரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆனால் ஹலால் தட்டுகளுக்குத் தனி அடுக்கு, எட்டும் தூரத்தில் அடுக்குகள் என்று இடமும் ஒழுங்காக அமைக்கப்பட்டதை நாம் அதிகம் பேசுவதில்லை. அலுவலகத்துக்கு அபராதம் தேவையில்லை; கழுவிய கோப்பையைக் கவிழ்க்க ஒரு தட்டடுக்கு, பஞ்சு, சோப்பு, சீட்டு எழுத ஒரு பேனா ஆகியவை கைக்கெட்டும் இடத்தில் இருந்தால் போதும்.

பொறுப்பு அட்டவணையை முதல் சீட்டு எழுதியவரிடமே எழுதித் தரச் சொல்லுங்கள். மக்கள் நின்று படிக்கும்படி எழுத அவருக்குத் தெரிகிறது. மேலாளர் பெயரும் அதில் இருக்கட்டும், முதல் வாரத்தில் உங்கள் பெயர் வரட்டும். இரண்டாவது சீட்டைப் பற்றி வாட்ஸ்அப் குழுவில் எதுவும் எழுத வேண்டாம். எழுதியவர் யாரென்று தெரிந்தால் தனியே அழைத்து, அது ஆன்ட்டியைப் புண்படுத்தும் என்று நேராகச் சொல்லி, அவர் கையாலேயே எடுக்கச் சொல்லுங்கள். யாரென்று தெரியாவிட்டால் இன்றே நீங்கள் எடுத்துவிடுங்கள். அதற்கு எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை.