எல்லாவற்றுக்கும் 'சரி அங்கிள்' என்கிறான், அடுத்த நாள் வருவதில்லை

கேள்வி: வங்கி வேலையில் ஓய்வு பெற்று திருப்பூரில் இருக்கிறேன். பக்கத்து லைன் வீட்டில் ஒரு பீகார் குடும்பம். பையனுக்கு 13 வயது, அரசுப் பள்ளியில் எட்டாவது படிக்கிறான். வாரம் இரண்டு நாள் மாலையில் வரச்சொல்லி பாடம், மேற்படிப்பு பற்றிப் பேசுகிறேன். எதைச் சொன்னாலும் 'சரி அங்கிள்' என்பான், அப்புறம் ஆளைக் காணோம். சொந்தப் பேரன் போல 'வாடா, போடா' என்றுதான் பழகுகிறேன். என்ன தவறு செய்கிறேன்?

பதில்: அவன் உங்களை ஏமாற்றவில்லை ஐயா. பெரியவர் முகத்துக்கு நேராக 'முடியாது' என்று சொல்வது மரியாதை இல்லை என்று பழக்கப்பட்ட பிள்ளைகள் நிறைய. நம் வீடுகளிலும் அப்படித்தானே வளர்ந்தோம். அவன் சொல்லும் 'சரி', 'நீங்கள் சொன்னது காதில் விழுந்தது' என்பதுதான். அதனால் 'செவ்வாய்க்கிழமை வருவியா?' என்று கேட்காதீர்கள். 'செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வீட்டில் உனக்கு என்ன வேலை?' என்று கேளுங்கள். அப்பா, அம்மா இரண்டு பேரும் பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் பார்த்தால் வீடு திரும்ப இரவு எட்டரைக்கு மேல் ஆகும். அதுவரை சோறு வடித்து, தங்கையைப் பார்த்துக்கொள்வது இவனாக இருக்கலாம். அப்படியென்றால் ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றுங்கள், தங்கையையும் கூட்டி வரட்டும்.

'டா' உங்களுக்குப் பாசம். அவன் தமிழைத் தெருவிலும் பஸ்ஸிலும் கற்றிருந்தால், அந்தச் சொல் முதலில் திட்டாகத்தான் அவன் காதில் விழுந்திருக்கும். கொஞ்ச நாள் பெயர் சொல்லியே கூப்பிடுங்கள்.

அடுத்தது மொழி. பீகார் என்றதும் இந்தி என்று நினைத்துவிடுகிறோம். வீட்டில் போஜ்புரியோ மைதிலியோ மகஹியோ பேசுவார்கள். பலருக்கு இந்தியே பள்ளிக்கூடத்து மொழிதான். அதற்கும் மேலே இப்போது தமிழ். 'காகம்' என்று எழுதிப் பாருங்கள். இரண்டு இடத்திலும் ககர எழுத்துதான், முதலாவது அழுத்தமாக ஒலிக்கிறது, இரண்டாவது மென்மையாக. இந்தி எழுத்தில் ககரத்துக்கு நான்கு எழுத்துகள், ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒலி. அப்படிப் பழகியவன் இரண்டையும் அழுத்திப் படித்தால் வகுப்பு சிரிக்கும், மறுநாள் வாயே திறக்க மாட்டான். சொல்லின் முதலிலும், 'பக்கம்' போல இரட்டிக்கும்போதும் வல்லொலி. இரண்டு உயிரொலிக்கு நடுவிலும், 'பங்கு' போல மெல்லெழுத்துக்குப் பின்னும் மென்மை. பத்து நிமிடத்தில் இதைச் சொல்லிக்கொடுத்துவிடலாம். பதிலுக்கு அந்த நான்கு எழுத்தையும் அவன் உங்களுக்குச் சொல்லித்தரட்டும். நீங்கள் தடுமாறுவதை அவன் பார்க்க வேண்டும். இதை ரொம்ப முக்கியமாக நினைக்கிறேன்.

பெற்றோருக்குத் தெரியாமல் எதையும் செய்யாதீர்கள். பேசும்போது கதவு திறந்தே இருக்கட்டும், பணம், போன் கொடுத்துப் பழக்க வேண்டாம். 14 வயது ஆனதும் கம்பெனிக்கு அனுப்பும் யோசனை அப்பாவுக்கு இருக்கலாம். பையனிடம் கோபப்படாமல், சனிக்கிழமை சம்பளம் வாங்கிய மறுநாள் அவரோடு உட்கார்ந்து பேசுங்கள். வீட்டுக் கணக்கு தெரியாமல் 'படிக்க வை' என்று மட்டும் சொன்னால் எடுபடாது.

தீபாவளி போனஸ் வந்ததும் பல குடும்பங்கள் ஊருக்குக் கிளம்பும். தீபாவளி கழித்து ஆறாம் நாள் சத் பூஜை. தண்ணீர்கூடக் குடிக்காமல் விரதமிருந்து, மறையும் சூரியனுக்கும் மறுநாள் உதிக்கும் சூரியனுக்கும் ஆற்றில் நின்று நீர் விடுவார்கள். 'பரீட்சை நேரத்தில் ஊருக்கா?' என்று கேட்டுவிடாதீர்கள், நம் பொங்கலைப் போல அது. திரும்பும் தேதியை மட்டும் கேட்டு, வகுப்பு ஆசிரியரிடம் முன்பே சொல்லி வைக்கச் சொல்லுங்கள். அங்கேயே தங்க நேர்ந்தாலும், 2009 கல்வி உரிமைச் சட்டப்படி எட்டாம் வகுப்பு வரை டி.சி. தாமதமானதைக் காட்டி அரசுப் பள்ளி சேர்க்கையை மறுக்க முடியாது என்று அப்பாவிடம் சொல்லுங்கள். திரும்பி வந்தால் கோதுமை மாவும் வெல்லமும் சேர்த்துப் பொரித்த தேகுவா கொண்டு வருவான். அவன் எதிரிலேயே சாப்பிட்டு, அம்மா அதை எப்படிச் செய்தார் என்று கேளுங்கள். அன்றைக்கு 'சரி'க்கு மேல் நிறையப் பேசுவான்.