எஸ்க்யூலைட்டில் ‘டேட்டாபேஸ் இஸ் லாக்ட்’ என்று அடிக்கடி வருகிறது, மைஎஸ்க்யூஎல்லுக்கு மாறிவிடலாமா?

கேள்வியின் சாரம் இது: மளிகைக் கடைக்கு எழுதிய பில்லிங் மென்பொருள். டேட்டாபேஸ் எஸ்க்யூலைட், அதாவது செர்வர் இல்லாமல் எல்லாத் தகவலையும் ஒரே ஃபைலில் வைக்கும் வகை. கவுண்டர்கள் இரண்டு. டேட்டாபேஸ் பூட்டியிருக்கிறது என்று சொல்லும் இந்தப் பிழை கூட்ட நேரத்தில் மட்டும் வருகிறது. டைம்அவுட்டை, அதாவது பூட்டு திறக்கக் காத்திருக்கும் நேரத்தை, 30 விநாடியாக ஏற்றியும் தீரவில்லை. செர்வரோடு ஓடும் மைஎஸ்க்யூஎல்லுக்கு மாறச் சொல்கிறார்கள் நண்பர்கள். டேபிள் அமைப்பை எப்படி வைப்பது என்றும் கூடவே ஒரு கேள்வி.

இப்போதைக்கு மாறவேண்டாம். உங்கள் டிரான்சாக்‌ஷன் எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். நடந்தால் முழுதும் நடக்கவேண்டும், இல்லையேல் எதுவும் நடக்கக்கூடாது என்று ஒன்றாகக் கட்டிய வேலைகள்தான் டிரான்சாக்‌ஷன். இதே பிழையோடு நான் மூன்று வாரம் மல்லுக்கட்டியிருக்கிறேன். கடைசியில் அதைக் கண்டுபிடித்தது நானல்ல, கடையில் பொட்டலம் கட்டும் பையன்.

நான் எழுதியிருந்ததும் மளிகைக் கடை பில்லிங்தான். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர், அதில் பைத்தானில் எழுதிய சின்ன வெப் புரோகிராம், ஒரே ஒரு எஸ்க்யூலைட் ஃபைல். இரண்டு கவுண்டர்களும் பிரவுசர் வழியாக பில் போடும். மாதத்தின் முதல் வாரம், சம்பளம் வந்த கையோடு ஜனம் வந்து நெரியும்போது, இரண்டாவது கவுண்டரில் இந்தப் பிழை வரும். நான் போய் உட்கார்ந்தால் வராது. அண்ணாச்சி பொறுமைசாலி, “பாருங்க தம்பி, மெதுவா பாருங்க” என்பார். இண்டெக்ஸ் போட்டேன், ரேம் கூட்டினேன், ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி மாட்டினேன். எதுவும் நடக்கவில்லை. ஒருநாள் அந்தப் பையன் போகிற போக்கில் சொன்னான்: “அண்ணே, ஒண்ணாம் நம்பர்ல பேப்பர் ரோல் தீர்ந்தா ரெண்டாம் நம்பர் நின்னுபோகுது. ரோல் மாட்டினதும் ஓடுது.”

அதுதான் விஷயம். என் புரோகிராம் செய்த வேலையின் வரிசையைப் பாருங்கள்: டிரான்சாக்‌ஷனைத் தொடங்கும், அடுத்த பில் நம்பரை எடுக்கும், பில்லை எழுதும், சரக்கு வரிகளை எழுதும், இருப்பைக் குறைக்கும், பிரிண்டருக்கு அனுப்பும், பிரிண்டர் ‘சரி’ என்றதும் கமிட் செய்யும், அதாவது எல்லாவற்றையும் உறுதியாக்கி முடிக்கும். அச்சாகாத பில்லுக்காக ஒரு நம்பர் வீணாகக்கூடாது என்று நான் செய்த அதிபுத்திசாலித்தனம் அது. தெர்மல் பிரிண்டரில் ரோல் தீர்ந்தால் ‘சரி’ வராது, கமிட்டும் ஆகாது. எழுதும் உரிமை அந்த டிரான்சாக்‌ஷனிடமே சிக்கிக் கிடக்கும். ரோலைத் தேடி எடுத்து மாட்ட ஒரு நிமிடமாவது ஆகும். பைத்தானின் எஸ்க்யூலைட் மாட்யூல் தானாகக் காத்திருப்பது 5 விநாடிதான். நான் போய் உட்கார்ந்த நாளெல்லாம் கூட்டம் இல்லாத நாள், ரோலும் தீராது.

எஸ்க்யூலைட்டில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுத முடியும். டேபிளுக்கு ஒருவர் என்றுகூட இல்லை, முழு ஃபைலுக்கும் ஒருவர். பேரேடு ஒன்று, பேனாவும் ஒன்று. ஆனால் ஒரு மளிகை பில்லை எழுத ஆகும் நேரம் மில்லிவிநாடிக் கணக்கு. இரண்டு கவுண்டர் என்ன, இருபது கவுண்டருக்கும் அந்த ஒரு பேனா போதும், அதைக் காதில் செருகிக்கொண்டு டீ குடிக்கப் போகாமல் இருந்தால். பிரிண்டர், எஸ்எம்எஸ், யூபிஐ பதில், பயனர் ‘ஓகே’ அழுத்துவது என வெளியில் எதற்காகவாவது காத்திருக்கும் வேலை டிரான்சாக்‌ஷனுக்குள் இருக்கவே கூடாது. நான் கமிட்டை பிரிண்டுக்கு முன்னால் கொண்டுவந்தேன். பில் டேபிளில் ‘அச்சானதா’ என்று ஒரு ஃபீல்டு, திரையில் ‘மறுபடி அச்சிடு’ என்று ஒரு பட்டன். பத்துப் பன்னிரண்டு வரி மாற்றம், அவ்வளவுதான்.

அன்று மைஎஸ்க்யூஎல்லுக்கு மாறியிருந்தாலும் பில் நம்பரை வைத்திருக்கும் அந்த ஒற்றை வரியை ஒண்ணாம் நம்பர் கவுண்டர் பூட்டி வைத்திருக்கும். ரெண்டாம் நம்பர் அங்கேயும் நிற்கும், மைஎஸ்க்யூஎல்லின் சேமிப்புப் பகுதியான இன்னோடிபியின் வழக்கமான 50 விநாடி கழிந்ததும் ‘லாக் வெயிட் டைம்அவுட் எக்ஸீடட்’ என்று புலம்பும்.

உங்கள் விஷயத்தில் ஒன்றைக் கவனியுங்கள். பிழை 30 விநாடி கழித்து வருகிறதா, உடனே வருகிறதா? கழித்து வந்தால் என் கதைதான், யாரோ பேனாவைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். டைம்அவுட்டைக் கண்டுகொள்ளாமல் உடனே வந்தால் நோய் வேறு. வெறும் ‘பிகின்’ என்று தொடங்கினால் எஸ்க்யூலைட் அப்போது எந்தப் பூட்டும் போடாது. முதல் செலக்ட்டில் படிக்கும் உரிமை கிடைக்கும், பிறகு அப்டேட் வரும்போதுதான் எழுதும் உரிமையைக் கேட்கும். இரண்டுக்கும் நடுவில் இன்னொருவர் எழுதிவிட்டால் நீங்கள் படித்து வைத்திருப்பது பழைய கணக்கு. பழைய கணக்கின்மேல் எழுதவிட முடியாது, காத்திருந்தாலும் அது புதிதாகப் போவதில்லை. அதனால் உடனே கையை விரித்துவிடும். ‘இருப்பைப் படி, குறை, எழுது’ என்று போகும் எல்லா பில்லிங் புரோகிராமும் இந்தப் பள்ளத்தில் விழும். எழுதப்போகிறோம் என்று தெரிந்தால் ‘பிகின் இம்மீடியட்’ என்றே தொடங்குங்கள். பேனா முதலிலேயே கைக்கு வந்துவிடும். மற்றவர் வரிசையில் நிற்பார், டைம்அவுட்டும் அப்போதுதான் வேலை செய்யும்.

அடுத்தது வால் மோடு. ‘ரைட் அஹெட் லாக்’ என்பதன் சுருக்கம் அது, மாற்றங்களை முதலில் தனி ஃபைலில் எழுதிக்கொள்ளும் முறை. 2010இல் 3.7.0 பதிப்பில் வந்தது. இதைப் போட்டால் ஒருவர் எழுதிக்கொண்டிருக்கும்போதே மற்றவர்கள் தடையில்லாமல் படிக்கலாம். ஒருமுறை சொன்னால் ஃபைலே நினைவில் வைத்துக்கொள்ளும். டைம்அவுட்டும், ஒரு டேபிள் சுட்டும் வரி இன்னொரு டேபிளில் உண்மையில் இருக்கிறதா என்று பார்க்கும் ஃபாரின் கீ சோதனையும் அப்படியல்ல, ஒவ்வொரு கனெக்‌ஷன் திறக்கும்போதும் மறுபடி சொல்லவேண்டும். ஃபாரின் கீ சோதனை 2009இலேயே வந்துவிட்டாலும் பழைய புரோகிராம்கள் உடையக்கூடாது என்பதற்காக இன்றைக்கும் வழக்கமாக அணைந்தே இருக்கிறது. டேபிளில் ‘ரெஃபரன்ஸஸ்’ என்று எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்கியவர்களில் நானும் ஒருவன்.

வால் மோடு வேலை செய்யும்போது மெயின் ஃபைலுக்குப் பக்கத்தில் அதே பெயரோடு இன்னொரு ஃபைல், பெயருக்கேற்ற மாதிரி, வால் போல ஒட்டிக்கொண்டிருக்கும். புது பில்கள் முதலில் விழுவது அதில்தான். ஏறக்குறைய 1000 பக்கம், அதாவது பக்கத்துக்கு 4096 பைட் என்றால் சுமார் 4 எம்பி சேர்ந்ததும் மெயின் ஃபைலுக்கு மாற்றப்படும். யாராவது நடுவில் படித்துக்கொண்டே இருந்தால் அவர் படிக்கத் தொடங்கிய இடம் வரைதான் மாற்ற முடியும். இது தெரியாமல் ஒரு கடையில் மாட்டிக்கொண்டேன். விற்பனை ரிப்போர்ட் திரையை யாரோ திறந்துவிட்டு அப்படியே விட்டுவிட்டார்கள், என் புரோகிராமோ அந்த செலக்ட்டை முடித்து வைக்கவில்லை. வால் வளர்ந்துகொண்டே போனது. கடைக்காரர் ஒழுங்கானவர், தினமும் ராத்திரி மெயின் ஃபைலை மட்டும் பெண்டிரைவில் காப்பி எடுத்தார். டிஸ்க் போனபோது பெண்டிரைவில் இருந்ததை ஏற்றினோம். இரண்டு நாள் பில்கள் இல்லை. கடன் கணக்கை நோட்டிலிருந்து பார்த்துத் திரும்ப ஏற்றியது நானும் அவர் மகளும்.

அதற்குப் பிறகு பேக்கப்புக்கு ‘வேக்யூம் இன்டூ’ மட்டும்தான். 2019இல் வந்த கட்டளை. புரோகிராம் ஓடிக்கொண்டிருக்கும்போதே முழுமையான ஒரு புது ஃபைலை எழுதிக்கொடுக்கும். அதில் ஃபைல் பழுதில்லாமல் இருக்கிறதா என்று பார்க்கும் ‘இன்டெக்ரிட்டி செக்’ ஓட்டி ‘ஓகே’ வந்தால்தான் பேக்கப் என்று கணக்கில் எடுப்பேன். பக்கத்தில் கிடக்கும் வால் ஃபைலையோ ஜர்னல் ஃபைலையோ குப்பை என்று நினைத்து அழித்துவிடாதீர்கள். கரண்ட் போய் வந்தபின் பாதியில் நின்ற கணக்கைச் சரிசெய்ய அவைதான் ஆதாரம்.

டேபிள் அமைப்பைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். பணத்தைப் பைசாவாக, முழு எண்ணில் வையுங்கள். தசமமாக வைத்தால் ஜிஎஸ்டி கூட்டுத்தொகையில் ஒரு பைசா உதைக்கும், ஆடிட்டர் உங்களை உதைப்பார். தேதிக்கு எஸ்க்யூலைட்டில் தனி வகை கிடையாது. 2024-04-05 என்று ஆண்டு முன்னால் வரும்படி எழுதினால் வரிசைப்படுத்துவது தானாகச் சரியாகும். பில் வரியில் சரக்கின் ஐடியோடு அன்றைய விலையையும் வரி விகிதத்தையும் சேர்த்து எழுதுங்கள். துவரம்பருப்பு விலை ஏறியதும் போன மாத பில் எல்லாம் தானாக ஏறிய கூத்தைப் பார்த்திருக்கிறேன். பில் நம்பரைப் பிரைமரி கீ (வரியை அடையாளம் காட்டும் முதன்மை ஐடி) ஆக்காதீர்கள். ஜிஎஸ்டி விதிப்படி அது நிதியாண்டுக்குள் தொடர்ச்சியாக, 16 எழுத்துக்கு மிகாமல் இருந்தால் போதும். பெரும்பாலான கடைகளில் ஏப்ரல் 1 அன்று மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவார்கள். உள்ளே ஒரு முழு எண் ஐடி, வெளியே நிதியாண்டும் நம்பரும் சேர்ந்த ஜோடி இரண்டுமுறை வராமல் தடுக்கும் யூனிக் இண்டெக்ஸ்.

முழு எண் ஃபீல்டில் ‘12 கிலோ’ என்று போட்டாலும் எஸ்க்யூலைட் முகம் சுளிக்காமல் வாங்கிக்கொள்ளும். 2021இல் 3.37.0 பதிப்பில், வகை பொருந்தாததை மறுக்கும் ‘ஸ்ட்ரிக்ட்’ டேபிள் வந்தது. புதிதாகத் தொடங்கினால் அதையே போடுங்கள்.

சரக்குப் பெயர்களைத் தமிழில் வைத்திருந்தால் இன்னொரு தொல்லை. வழக்கமான வரிசை யூனிகோட் எண் வரிசைதான். அதில் ‘கடலைப் பருப்பு’க்குப் பின்னால்தான் ‘கட்டிப் பெருங்காயம்’ வரும், ஏனென்றால் புள்ளியின் எண் எழுத்துகளின் எண்ணைவிடப் பெரியது. ‘கற்கண்டு’ ‘கல் உப்பு’க்கு முன்னால் வந்து நிற்கும். அகராதி வரிசை பழகியவர்களுக்கு இது கண்ணை உறுத்தும். நான் வரிசைக்கென்று தனி ஃபீல்டு ஒன்று வைத்து, பெயரைச் சேமிக்கும்போதே அதையும் நிரப்பிவிடுகிறேன். எஸ்க்யூலைட்டின் சொல் தேடல் பகுதியான எஃப்டிஎஸ் 5 வழக்கமான அமைப்பில் புள்ளியையும் துணையெழுத்தையும் கண்ட இடத்தில் சொல்லை உடைத்துவிடும். சொற்களைப் பிரிக்கும் டோக்கனைசரின் அமைப்பில், யூனிகோடில் புள்ளியும் துணையெழுத்தும் அடங்கும் எம்என், எம்சி என்ற இரண்டு எழுத்து வகைகளையும் சேர்த்தால் சரியாகும்.

எஸ்க்யூலைட் பிறந்த கதையும் உங்கள் கேள்விக்குப் பொருந்தும். 2000ஆம் ஆண்டு, அதை எழுதிய ரிச்சர்ட் ஹிப் அமெரிக்கக் கடற்படையின் போர்க்கப்பல் ஒன்றுக்கான மென்பொருளில் வேலை செய்துகொண்டிருந்தார். அது இன்ஃபார்மிக்ஸ் என்ற டேட்டாபேஸ் செர்வரை நம்பி ஓடியது. செர்வர் படுத்தால் மென்பொருளும் படுத்துவிடும், திட்டு விழுவது மென்பொருள் எழுதியவருக்கு. செர்வரே இல்லாமல் ஃபைலை நேராகப் படித்தால் என்ன என்று தோன்றியதில் வந்தது இது. மளிகைக் கடையில் செர்வரைப் பார்த்துக்கொள்ள யார் இருக்கிறார்கள்? மைஎஸ்க்யூஎல் சர்வீஸ் தொடங்கவில்லை என்று காலை ஆறு மணிக்கு போன் வரும். எனக்கு வந்திருக்கிறது.

ஒரே ஒரு நிலைமையில் என் பதில் தலைகீழாகும். உங்கள் இரண்டாவது கவுண்டர் விண்டோஸ் ஷேர்டு ஃபோல்டர் வழியாக அந்த ஃபைலை நேராகத் திறக்கிறதா? கேள்வியில் அதைச் சொல்லவில்லை. நெட்வொர்க் ஃபோல்டரில் ஃபைல் பூட்டுகளை நம்ப முடியாது. வால் மோடு ஒரே மெஷினின் நினைவகத்தைப் பகிர்ந்துகொண்டு வேலை செய்வதால் அங்கே அறவே ஆகாது. இன்றைக்கு ‘லாக்ட்’ என்று வருவது ஒருநாள் ‘டிஸ்க் இமேஜ் இஸ் மால்ஃபார்ம்ட்’ என்று வரும், ஃபைலே சிதைந்துவிட்டது என்று அர்த்தம். அப்படித்தான் ஓடுகிறது என்றால் இன்று ராத்திரி கடை சாத்தியதும் முதல் வேலையாக ஒரு பேக்கப் எடுங்கள். பிறகு ஃபைலைத் தொடும் புரோகிராம் ஒரே மெஷினில் இருக்கும்படி மாற்றுங்கள், இரண்டாவது கவுண்டர் பிரவுசர் வழியாக அதனிடம் பேசட்டும். அதற்கு வழியில்லை என்றால் மட்டும் செர்வர் டேட்டாபேஸுக்குப் போங்கள். போவதானால் நான் போஸ்ட்கிரஸ்தான் எடுப்பேன், ஆனால் அது வேறு சண்டை.