சென்னை – சிங்கப்பூர்: டிக்கெட்டில் தெரியும் நேரமும் பறக்கும் நேரமும்

சென்னையிலிருந்து சிங்கப்பூர் எவ்வளவு தொலைவு என்றும், டிக்கெட்டில் போவதற்கு ஆறே முக்கால் மணி நேரமும் திரும்புவதற்கு ஒன்றே முக்கால் மணி நேரமும் ஆவதுபோல் தெரிவது ஏன் என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

இரு விமான நிலையங்களுக்கும் இடையிலான நேர்வழித் தொலைவு ஏறத்தாழ 2,920 கிலோமீட்டர். இடையில் எங்கும் இறங்காத விமானத்தில் போனாலும் வந்தாலும் நாலேகால் மணி நேரம், சற்று முன்பின்னாக, ஆகும். குழப்பத்துக்குக் காரணம், டிக்கெட்டில் புறப்படும் நேரம் புறப்படும் ஊரின் கணக்கிலும், சேரும் நேரம் சேரும் ஊரின் கணக்கிலும் அச்சிடப்படுவதுதான். சிங்கப்பூர் நேரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முந்தியது. இரவு 11.30-க்குச் சென்னையில் ஏறி, காலை 6.15-க்கு அங்கே இறங்கினால், அந்த ஆறே முக்காலிலிருந்து இரண்டரையைக் கழிக்க வேண்டும். அங்கிருந்து இரவு 8 மணிக்குக் கிளம்பி இங்கே 9.45-க்கு இறங்கினால், இரண்டரையைக் கூட்ட வேண்டும். இரண்டிலும் விடை நாலேகால்தான்.

முதன்முறை சிங்கப்பூருக்கு என்னிடம் வந்த என் அம்மா இதை ஒப்புக்கொள்ளவே இல்லை. விமான நிலையக் கடிகாரம் 6.15 காட்டியது, அம்மாவின் கைக்கடிகாரத்தில் மூன்றே முக்கால். கண்ணாடிக்கு வெளியே கும்மிருட்டாக இருந்ததைக் காட்டி, "இன்னும் விடியவே இல்லை, என் கடிகாரம்தான் சரி" என்றார். அவர் பேச்சிலும் நியாயம் உண்டு. நிலநடுக்கோட்டை ஒட்டிய அந்த ஊரில் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஏழு மணிக்குத்தான் சூரியன் உதிக்கிறது. காரணம், 1982-இல் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளி, அதன் இருப்பிடத்துக்குப் பொருந்துவதைவிட ஒரு மணி நேரம் முந்திய நேரத்தை வைத்துக்கொண்டார்கள். அதற்கு முன் நமக்கும் அவர்களுக்கும் இரண்டு மணி நேரமே வித்தியாசம்.

மணிக்கு 840 கிலோமீட்டர் வேகத்தில் பறந்தால் 2,920 கிலோமீட்டரை மூன்றரை மணி நேரத்தில் கடந்துவிடலாமே என்று தோன்றலாம். அட்டவணையில் உள்ளது வானில் பறக்கும் நேரம் மட்டுமன்று; வாயிலை விட்டு விமானம் நகர்ந்ததிலிருந்து அங்கே வாயிலில் போய் நிற்கும்வரை உள்ள நேரம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலேறுவது, இறங்க முறை வரும்வரை காத்திருப்பது எல்லாம் அதில் அடக்கம்.

காற்றுக்கும் பங்குண்டு. தென்மேற்குப் பருவமழை மாதங்களில் இந்த வழியின் மேல்வானில் காற்று கிழக்கிலிருந்து மேற்கு நோக்கி வேகமாக வீசும் என்பதால், போகும்போது எதிர்க்காற்றும் வரும்போது பின்காற்றும் கிடைக்கும். மணிக்கு 50 கிலோமீட்டர் எதிர்க்காற்று என்றால் பத்துப் பன்னிரண்டு நிமிடங்கள் கூடும், அவ்வளவே.

வழியெல்லாம் பெரும்பாலும் வங்கக்கடல்தான். நிக்கோபார் தீவுகளின் தென்முனைப் பக்கமாகச் சென்று மலாக்கா நீரிணையை அடைந்ததும், இரவாக இருந்தால், கீழே வரிசையாகக் கப்பல் விளக்குகள் தெரியும். அவற்றைக் கண்டபின் நான் வழக்கமாகக் கடிகாரத்தை மாற்றிவிடுவேன். அம்மா மட்டும் ஊர் திரும்பும்வரை மாற்றாமல், மாத்திரைகளையும் இந்திய நேரப்படியே சாப்பிட்டார்.