ஊர் ரேஷன் அட்டை பெங்களூருவில் செல்லுமா?

கேள்வி: எஜிபுரா பக்கம் சிறு அறக்கட்டளை ஒன்று நடத்துகிறோம். தமிழ், ஒடியா, வங்காளம், ராய்ச்சூர்க் கன்னடம் பேசும் கட்டட வேலைக் குடும்பங்கள் வருகின்றன. எல்லோரிடமும் ஊர் ரேஷன் அட்டை இருக்கிறது. ஆனால் சிலருக்குத்தான் இங்கே அரிசி கிடைக்கிறது. கடைக்காரரிடம் சண்டை போடலாமா?

பதில்: முதலில் அட்டையைப் பாருங்கள். 2013 தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் வரும் அட்டைக்கு மட்டுமே வெளிமாநிலத்தில் தானியம் உண்டு. தமிழ்நாட்டு அட்டையில் 'பிஹெச்ஹெச்' (PHH, முன்னுரிமைக் குடும்பம்) அல்லது 'பிஹெச்ஹெச்-ஏஏஒய்' (PHH-AAY, அந்தியோதயா, அதாவது மிக ஏழைக் குடும்பம்) என்றிருந்தால் செல்லும். 'என்பிஹெச்ஹெச்' (NPHH, முன்னுரிமை இல்லாத குடும்பம்) என்றிருந்தால் செல்லாது. அந்த அரிசியைத் தமிழக அரசு தன் செலவில் தருகிறது, இங்குள்ள ரேஷன் கடையின் கைரேகை மெஷின் ஏற்காது. "அரிசி அட்டைதானே" என்று நம்பி வந்து ஏமாறுகிறவர்கள் பெரும்பாலும் இவர்கள்தான். ராய்ச்சூர்க்காரர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை, அட்டை இதே மாநிலத்துடையது.

அளவு, தலைக்கு மாதம் 5 கிலோ. அந்தியோதயா என்றால் குடும்பத்துக்கு 35 கிலோ. இலவசம்தான். ஊரில் கிடைக்கும் பருப்பு, பாமாயிலை இங்கே கேட்கக் கூடாது.

அட்டை சரியாக இருந்தும் மெஷின் மறுத்தால், ஊரில் இருப்பவர்கள் அந்த மாதத்துக்கானதை முழுதும் வாங்கிவிட்டார்களா என்று போன் போட்டுக் கேளுங்கள். பாதி அங்கே, பாதி இங்கே என்று பிரித்தும் வாங்கலாம். அதை மாதத் தொடக்கத்திலேயே பேசி வைத்துக்கொள்வது நல்லது. அட்டையோடு ஆதார் இணைந்திருக்கிறதா என்பதை 'மேரா ரேஷன்' செயலியில் பார்க்கலாம். புகாருக்கு 14445.

அடுத்த தொல்லை கைரேகை. சிமென்ட் கலவையில் விரல் தேய்ந்தவர்களுக்கு ரேகை விழாது. கையைக் கழுவித் துடைத்துவிட்டு வேறு விரல்களை வைத்துப் பாருங்கள். அட்டையில் பெயருள்ள, ஆதார் இணைத்த வேறொருவரும் போய் வாங்கலாம். நிரந்தரத் தீர்வுக்கு ஆதார் மையத்தில் ரேகையைப் புதுப்பிக்க வேண்டும். பிள்ளைகளுக்கு 5 வயதிலும் 15 வயதிலும் இது கட்டாயம்.

கேள்வி: மாதம் ஒரு மளிகைப் பை தருகிறோம். சிலர் அதை விற்றுவிடுகிறார்களாமே?

பதில்: விற்கட்டும், கோபிக்காதீர்கள். பையில் இருப்பது அவர்கள் சமைக்கும் பொருள் இல்லை என்பதுதான் அதற்கு அர்த்தம். பெங்களூருக் கடைகளில் எளிதாகக் கிடைப்பது சோனா மசூரி பச்சரிசி. தமிழ், ஒடியா வீடுகளில் பலருக்குப் புழுங்கல்தான் பிடிக்கும். ராய்ச்சூர் வீட்டுக்கு வெள்ளைச்சோள (ஜோவர்) மாவு வேண்டும், வங்காளிகளுக்குக் கடுகெண்ணெய். உப்பு, மஞ்சள்தூள், வெங்காயம், உருளைக்கிழங்கு, சோப்பு இவற்றை எல்லோருக்கும் பொதுவாகப் போட்டுவிட்டு, தானியத்தையும் எண்ணெயையும் மேசையில் வைத்து அவர்களையே எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். முழுக் கோதுமை வேண்டாம், அரைக்கிற கூலி அவர்கள் தலையில் விழும். குக்கர் இல்லாத வீட்டில் துவரம்பருப்பு வேகவே நேரமாகும், கேஸ் தீரும். மைசூர்ப் பருப்பு சீக்கிரம் வெந்துவிடும். கேஸ் இணைப்பு இல்லாதவர்கள் 5 கிலோ 'சோட்டு' சிலிண்டர் வாங்கலாம். அடையாள அட்டை போதும், முகவரிச் சான்று கேட்க மாட்டார்கள்.

பையைக் கொடுக்கும்போது போட்டோ மட்டும் எடுக்காதீர்கள். கணக்குக்கு ஒரு கையெழுத்து போதும்.