அக்டோபர் 31 வரை

அன்புள்ள ஐயா,

போன ஞாயிறு வீட்டில் எல்லோருமாக ஒரு தலைவரின் வாழ்க்கைப் படம் பார்த்தோம். கல்லூரியில் படிக்கும் என் மகள் பிழைகளை எண்ணிக்கொண்டே இருந்தாள். பாதி குடித்த காப்பி டம்ளர் அடுத்த ஷாட்டில் நிரம்பியிருக்கிறது. 1930களின் தெருவில் செல்போன் கோபுரம். பதினேழு வரை போனது கணக்கு. டம்ளரையே கவனிக்காதவர்கள் வரலாற்றை எப்படிக் கவனித்திருப்பார்கள் என்கிறாள். இந்தப் படங்களை நம்பலாமா?

வாசகர், மேலூர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மகளோடு வாதாட எனக்கு யோக்கியதை இல்லை. பழைய சிறுகதை ஒன்றில் 1974இல் ஒருவரை மதுரையில் வைகை எக்ஸ்பிரஸில் ஏற்றிவிட்டேன். ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர் ஒருவர் அஞ்சலட்டை போட்டார்: அந்த வண்டி ஓட ஆரம்பித்ததே 1977 ஆகஸ்ட் 15இல்தான், உங்கள் ஆள் மூன்று வருடம் பிளாட்பாரத்திலேயே நின்றிருப்பார், பாவம். அட்டையை இன்னும் வைத்திருக்கிறேன்.

டம்ளர் விஷயம் எளிது. படத்தைக் கதை வரிசையில் எடுப்பதில்லை. கதவைத் திறந்து நுழைவதை இன்றைக்கும், உட்கார்ந்து காப்பி குடிப்பதைப் பத்து நாள் கழித்தும் எடுப்பார்கள். எந்தக் கையில் கடிகாரம், எத்தனை பொத்தான் திறந்திருந்தது என்று கன்டினியூட்டி பார்க்கும் உதவி இயக்குநர் குறித்து வைப்பார். ஆனால் எடிட்டர் கடைசியில் நடிப்பு நன்றாக வந்த டேக்கைத்தான் வைத்துக்கொள்வார். நானாக இருந்தாலும் அப்படித்தான்.

கோபுரத்துக்குச் சாக்கு கிடையாது. ஆனாலும் பெரிய பணம் போட்டவர்களும் இப்படித் தப்பு செய்கிறார்கள். ‘ஓப்பன்ஹைமர்’ படத்தில் 1945இல் கூட்டம் ஆட்டும் அமெரிக்கக் கொடியில் 50 நட்சத்திரங்கள். அன்று அங்கே 48 மாநிலங்கள்தான். 50 நட்சத்திரக் கொடி 1960இல் வந்தது. பார்த்தவர்கள் கண்டுபிடித்துச் சிரித்தார்கள், அத்தோடு சரி.

மகள் எண்ணாமல் விட்டவைதான் என் கவலை. கணித மேதை இராமானுஜனுக்கு 1909இல் திருமணமானபோது ஜானகிக்கு வயது பத்து. 2015இல் வந்த ஆங்கிலப் படத்தில் அவர் நன்றாக வளர்ந்த பெண். ஷாட்டுக்கு ஷாட் எல்லாம் ஒட்டுகிறது. அதனாலேயே யாருக்கும் உறுத்தவில்லை.

நம்மூர் விஷயத்துக்கு வருகிறேன். அட்டன்பரோவின் ‘காந்தி’ 1982இல் வந்தது. பள்ளியில் எங்களை வரிசையாக நடத்திக் கூட்டிப்போய்க் காட்டினார்கள். அதில் ஆற்றங்கரையில் கந்தல் கட்டிய ஒரு பெண்ணைப் பார்க்கிறார் காந்தி. தன் துணியை மெல்ல நீரில் மிதக்க விடுகிறார், அது அவளிடம் போய்ச் சேர்கிறது. தியேட்டரே அமைதியானது. எனக்கும் கண் கலங்கியது. பல வருடம் அவர் சட்டையைக் கழற்றியது அந்த ஆற்றங்கரையில்தான் என்று நம்பிக்கொண்டிருந்தேன். அவர் அதைச் செய்த வீடோ நான் தினமும் சைக்கிளில் கடந்துபோன மேலமாசி வீதியில் இருக்கிறது.

நடந்தது 1921 செப்டம்பர் 22. படம் எடுக்கத் தோதில்லாத நிகழ்ச்சி. அந்த எண்ணம் அவருக்கு முன்பே வந்து தள்ளிப்போயிருக்கிறது. வால்டேர் (இன்றைய விசாகப்பட்டினம்) ரயில் நிலையத்தில், கூடப் போராடிய கிலாபத் தலைவர் மௌலானா முகமது அலி கைதானபோது மறுபடி வந்தது, அப்போதும் செய்யவில்லை. சென்னையிலிருந்து மதுரைக்கு வரும் ரயிலில் அந்நியத் துணி உடுத்தியவர்களிடம் பேச்சுக் கொடுக்கிறார். கதர் வாங்க எங்களுக்கு ஏது காசு என்கிறார்கள். அவரோ தொப்பி, சட்டை, முழு வேட்டியோடு உட்கார்ந்திருக்கிறார். பதில் சொல்ல முடியவில்லை. மதுரையில் முடிவெடுத்து, அதை எழுதி அறிவித்தார்.

அந்த அறிவிப்பில் எனக்கு மிகவும் பிடித்தது அதிலிருக்கும் கெடு. குறைந்தது அக்டோபர் 31 வரையாவது தொப்பியும் சட்டையும் இல்லாமல் இருக்கப் போகிறேன் என்றுதான் எழுதினார். நாற்பது நாள், அவ்வளவுதான். ஐயப்பனுக்கு மாலை போடுகிறவர் கணக்கு போல. அப்புறம் அது 1948 வரை நீண்டுவிட்டது.

ஆற்றங்கரைக் காட்சியில் இந்தத் தயக்கம் முழுக்கக் காணாமல் போகிறது. ஆனால் அந்தப் படத்தின் தொடக்கத்திலேயே, ஒரு மனிதனின் வாழ்க்கையை ஒரே படத்துக்குள் அடக்க முடியாது என்று எழுத்தில் போட்டுவிடுகிறார்கள். நேர்மைதான். பள்ளிச் சீருடையில் உட்கார்ந்திருந்த எங்களில் அதை யார் படித்தோம்?

அடுத்த முறை மதுரை வரும்போது மகளை மேலமாசி வீதிக்குக் கூட்டிப்போங்கள். அந்த அக்டோபர் 31 கெடுவைச் சொல்லி, படம் எடுத்தால் அதை எங்கே வைப்பாய் என்று கேளுங்கள். என்ன சொன்னாள் என்று எனக்கும் எழுதுங்கள்.