ஐபி வரவில்லை, லாகின் நகரவில்லை: வாசகர் கேள்விகள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் முக்கால்வாசி, அலுவலகங்களின் காலை ஒன்பது மணிச் சிக்கல். கணினிக்கு ஐபி, அதாவது நெட்வொர்க்கில் அதன் முகவரி, வரவில்லை. வந்தாலும் லாகின் நகரவில்லை. எப்போதும் சொல்வதையே இப்போதும் முதலில் சொல்கிறேன். கமாண்ட் பிராம்ப்ட்டில் ‘ஐபிகான்ஃபிக் ஸ்லாஷ் ஆல்’ அடித்து, வருவதை அப்படியே அனுப்புங்கள். ஒரு பக்கம் புலம்புவதைவிட அந்த இருபது வரி எனக்கு உதவும்.

கே: ஒரு கணினியில் மட்டும் 169.254 என்று தொடங்கும் ஐபி வருகிறது. வைரஸா?

இல்லை. கணினிகளுக்கு ஐபி பங்கிட்டுக் கொடுக்கும் டிஎச்சிபி சர்வரிடமிருந்து பதில் வராததால் விண்டோஸ் தானாகவே எடுத்துக்கொண்ட முகவரி அது. ஒரே கணினி என்றால் கேபிளையும் ஸ்விட்ச் போர்ட்டையும் மாற்றிப் பாருங்கள். எல்லாக் கணினியும் அப்படி என்றால் மட்டும் சர்வர் பக்கம் போங்கள்.

கே: புது மேனேஜ்டு ஸ்விட்ச் போட்டோம். அன்றிலிருந்து கணினியைப் போட்டதும் 169.254 வருகிறது, ஒரு நிமிஷம் பொறுத்தால் தானே சரியாகிறது. ஸ்விட்ச்சைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா?

வேண்டாம், ஸ்விட்ச் தன் வேலையைத்தான் செய்கிறது. கேபிளைச் செருகியதும் ஸ்விட்ச்சுக்குள் இருக்கும் ஸ்பானிங் ட்ரீ என்ற காவல் ஏற்பாடு, போன தகவலே சுற்றித் திரும்பி வரும் வளையம் ஏதும் அந்த போர்ட்டில் இருக்கிறதா என்று கவனிக்கும்: 15 நொடி கேட்கும், 15 நொடி கற்கும், பிறகுதான் போக்குவரத்தை விடும். சிஸ்கோ ஸ்விட்ச்சில் போர்ட் விளக்கு அரை நிமிஷம் ஆரஞ்சில் நின்று பச்சைக்கு மாறுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். எஸ்எஸ்டி போட்ட கணினி அதற்குள் பூட் ஆகி, ஐபி கேட்டு, பதில் கிடைக்காமல் கைவிட்டிருக்கும். கணினிகள் இருக்கும் போர்ட்டுகளில் இந்தக் காத்திருப்பைத் தவிர்க்கும் போர்ட்ஃபாஸ்ட்டைப் போடுங்கள். ஒரு ஸ்விட்ச்சிலிருந்து இன்னொரு ஸ்விட்ச்சுக்குப் போகும் போர்ட்டில் போடவே கூடாது. அங்கே வளையம் உண்டானால் மொத்த அலுவலகமும் படுத்துவிடும்.

கே: எங்கள் நெட்வொர்க் 10.10 தொடர். நான்கைந்து கணினிகளுக்கு மட்டும் 192.168.0 ஐபி வருகிறது. சில நாள் வருகிறது, சில நாள் வருவதில்லை.

யாரோ வீட்டு ரவுட்டரைக் கொண்டுவந்து செருகியிருக்கிறார்கள். அதற்குள்ளும் ஒரு டிஎச்சிபி சர்வர் இருக்கிறது. கணினி கூவிக் கேட்கும்போது இரண்டு பேரும் பதில் சொல்வார்கள்; பெரும்பாலும் முதலில் வந்த பதிலைத்தான் கணினி எடுத்துக்கொள்ளும். சில நாள் மட்டும் வருவது அதனால்தான்.

தப்பான ஐபி வந்த கணினியில் ஐபிகான்ஃபிக் ஸ்லாஷ் ஆல் அடித்தால் ‘டிஎச்சிபி சர்வர்’ என்று ஒரு வரி இருக்கும். அதுதான் அந்த ரவுட்டரின் முகவரி. அதன் மேக் முகவரியை, அதாவது அந்தக் கருவிக்கென்று உள்ள அடையாள எண்ணை, ‘ஆர்ப் மைனஸ் ஏ’ காட்டும். அந்த மேக் எந்த போர்ட்டில் இருக்கிறது என்பதை ஸ்விட்ச்சின் மேக் டேபிளில் தேடுங்கள். போன வருஷம் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் இப்படித் தேடியபோது 14ஆம் போர்ட் என்று வந்தது. கேபிளைப் பிடித்துக்கொண்டே போனால், ஃபைல் அலமாரிக்குப் பின்னால், அட்டைப் பெட்டிக்குள் ரவுட்டர் கண்சிமிட்டிக்கொண்டிருந்தது. மூலையில் வைஃபை எட்டவில்லை என்று யாரோ ஆறு மாதத்துக்கு முன் வைத்தது.

ஆக்டிவ் டைரக்டரியில் (அலுவலகக் கணக்குகளையும் கணினிகளையும் வைத்திருக்கும் விண்டோஸ் பட்டியல்) டிஎச்சிபி சர்வரை ‘ஆதரைஸ்’ செய்திருப்பதால், அதாவது அனுமதித்திருப்பதால், பிரச்சினை வராது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கட்டுப்பாடு விண்டோஸ் சர்வர்களுக்குத்தான், ரவுட்டருக்கு அது பொருட்டே இல்லை. ஸ்விட்ச்சில் டிஎச்சிபி ஸ்னூப்பிங் (நாம் அனுமதித்த போர்ட்டிலிருந்து மட்டும் டிஎச்சிபி பதிலை விடும் வசதி) இருந்தால் இன்றைக்கே போடுங்கள்.

கே: நெட் ரொம்ப ஸ்லோ. உடனே தீர்வு தேவை.

எத்தனை கணினி, எல்லாவற்றிலுமா ஒன்றிலா, எப்போதிலிருந்து, அதற்கு முந்தின நாள் எதை மாற்றினீர்கள்? இவற்றில் ஒன்றுகூட இல்லாமல் ‘உடனே’ என்று கேட்டால் நான் எதைப் பார்த்துச் சொல்வது? விவரத்தோடு மறுபடி எழுதுங்கள்.

கே: திருப்பூரில் 60 கணினிகள் உள்ள அலுவலகம். ஒரே டொமைன் கன்ட்ரோலர் (எல்லாருடைய லாகினையும் சரிபார்க்கும் சர்வர்). காலையில் லாகின் ஆக ஐந்து நிமிஷம் ஆகிறது. சர்வர் ராமை 32 ஜிபியிலிருந்து 64 ஆக்கச் சொல்கிறார்கள். டிஎன்எஸ் (பெயரைச் சொன்னால் ஐபியைத் தேடித்தரும் சேவை) கூகுளின் 8.8.8.8 தான் போட்டிருக்கிறோம், அதனால் அதில் பிரச்சினை இல்லை.

அதில்தான் பிரச்சினை. ராம் வாங்க வேண்டாம்.

இதைப் பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். டொமைனில் சேர்ந்த கணினி லாகின் நேரத்தில் முதலில் கேட்கும் கேள்வி, ‘என் டொமைன் கன்ட்ரோலர் எங்கே?’ அதை டிஎன்எஸ்ஸிடம்தான் கேட்கும். பதில் உங்கள் சர்வரின் எஸ்ஆர்வி பதிவுகளில் (எந்தச் சேவை எந்த சர்வரில் என்று சொல்லும் டிஎன்எஸ் வரிகள்) இருக்கிறது. உங்கள் அலுவலகத்துக்குள் இருக்கும் பெயர் கூகுளின் டிஎன்எஸ்ஸுக்கு எப்படித் தெரியும்? ‘அப்படி ஒரு பெயரே இல்லை’ என்று சொல்லும். கணினி மறுபடி கேட்கும், வேறு வழி தேடும், காத்திருக்கும். அந்த ஐந்து நிமிஷமும் இந்தக் காத்திருப்புதான். சர்வர் அந்த நேரத்தில் சும்மா இருக்கிறது.

கடைசியில் லாகின் ஆகிவிடுகிறதே என்பீர்கள். விண்டோஸ் அந்தக் கணினியில் கடைசியாக நுழைந்த பத்துப் பேரின் விவரத்தைச் சேமித்து வைத்திருக்கும். அதை வைத்து உள்ளே விடுகிறது, அவ்வளவுதான். சோதித்துப் பார்க்க, அந்தக் கணினியில் இதுவரை நுழையாத ஒருவரை லாகின் செய்யச் சொல்லுங்கள். பழைய ஆட்களுக்கு மெதுவாக, புது ஆளுக்கு ‘டொமைன் கிடைக்கவில்லை’ என்று வந்தால் டிஎன்எஸ்தான்.

‘முதலாவதாக நம் சர்வர், பாதுகாப்புக்கு இரண்டாவதாக 8.8.8.8’ என்று போடுகிறவர்களும் நிறைய. அதுவும் தப்பு. முதலாவது ஒரு நொடி தாமதித்தாலே விண்டோஸ் இரண்டாவதைக் கேட்கும். அங்கிருந்து ‘இல்லை’ என்று வந்தால் அதையே பதிலாக எடுத்துக்கொள்ளும், திரும்ப முதலாவதிடம் போகாது. ஒரு நாள் வேகம், ஒரு நாள் மெதுவு என்று எழுதுகிறவர்கள் பலர் இப்படிப் போட்டவர்களே.

இது எப்படி நுழைகிறது என்பதும் எனக்குத் தெரியும். என்றோ ஒரு நாள் இன்டர்நெட் வரவில்லை. வந்த ஆள் 8.8.8.8 போட்டார், வந்துவிட்டது. யாரும் எழுதி வைக்கவில்லை. அடுத்த ஆள் அதையே எல்லாக் கணினிக்கும் போட்டார்.

சரி, செய்ய வேண்டியது: டிஎச்சிபி ஸ்கோப்பில் (பங்கிட வைத்திருக்கும் முகவரித் தொகுப்பு) டிஎன்எஸ்ஸுக்கான 006ஆம் ஆப்ஷனைத் திறந்து உங்கள் டொமைன் கன்ட்ரோலரின் ஐபியை மட்டும் வையுங்கள். இரண்டாவதாக இன்னொரு டொமைன் கன்ட்ரோலர் இருந்தால் அது, இல்லையென்றால் காலி. 8.8.8.8 இருக்க வேண்டிய இடம் சர்வரின் டிஎன்எஸ் ஃபார்வர்டர். வெளியுலகப் பெயர்களை சர்வர் அங்கே கேட்டுச் சொல்லும். கையால் டிஎன்எஸ் போட்ட கணினிகளைத் தனியாகத் தேடிப்பிடித்து மாற்றுங்கள், அவை ஸ்கோப்புக்கு அடங்காது. முதலில் ஒரே ஒரு கணினியில் மாற்றி, மறுநாள் காலை லாகினைக் கடிகாரம் வைத்துப் பார்த்துவிட்டு மற்றவற்றைத் தொடுங்கள். நான் சரிசெய்த இடங்களில் ஐந்து நிமிஷம் இருபது, முப்பது நொடிக்கு இறங்கியிருக்கிறது.

கே: எங்கள் மேலாளர் ஒருவருக்கு மட்டும் லாகின் பத்து நிமிஷம். அதே கணினியில் நான் நுழைந்தால் உடனே வருகிறது.

அவருடைய ரோமிங் புரொஃபைலின் (எந்தக் கணினியில் நுழைந்தாலும் கூடவே வர சர்வரில் வைத்திருக்கும் அவர் டெஸ்க்டாப்பும் அமைப்புகளும்) அளவைப் பாருங்கள். டெஸ்க்டாப்பில் கல்யாண வீடியோவோ பழைய டேலி பேக்கப்போ கிடக்கும், ஒவ்வொரு காலையும் அத்தனையும் சர்வரிலிருந்து இறங்குகிறது. அதில் ஒன்றும் இல்லையென்றால், மூடிவிட்ட பழைய சர்வரின் டிரைவ் மேப்பிங் அவர் கணக்கில் இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள்.

கே: ஊழியர்கள் 45 பேர். ஸ்கோப்பில் 200 முகவரி வைத்தும் தீர்ந்துபோகிறது!

45 பேர் என்றால் 45 போன், லேப்டாப், வந்துபோகும் விருந்தாளிகளின் போன் எல்லாம் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். விண்டோஸ் சர்வரில் லீஸ், அதாவது ஒரு முகவரியைக் கொடுத்துவைக்கும் காலம், வழக்கமாக 8 நாள். திங்கட்கிழமை பத்து நிமிஷம் வந்துபோனவரின் முகவரி அடுத்த வாரம்வரை பூட்டியே கிடக்கும். ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் போன்கள் ஒவ்வொரு வைஃபை பெயருக்கும் வேறு மேக் முகவரி காட்டுகின்றன. உங்களிடம் மூன்று வைஃபை பெயர் ஒரே ஸ்கோப்பில் இருந்தால் ஒரு போனே மூன்று முகவரி வாங்கிவிடும். போன்களுக்குத் தனி விலேன் (அதே ஸ்விட்ச்சில் பிரித்த தனி நெட்வொர்க்), தனி ஸ்கோப், சில மணி நேர லீஸ் வையுங்கள். அலுவலகக் கணினிகளின் 8 நாளைத் தொட வேண்டாம்.

கே: பிரிண்டருக்கு நிரந்தர ஐபி கொடுத்தும் ‘ஐபி மோதல்’ என்று வருகிறது.

ஸ்கோப்புக்குள் இருக்கும் எண்ணைக் கையால் கொடுத்திருக்கிறீர்கள். பிரிண்டரை ஆட்டோமேட்டிக்கில் விட்டு, சர்வரில் அதன் மேக்குக்கு ரிசர்வேஷன் (எப்போதும் அதே ஐபி என்ற ஒதுக்கீடு) போடுங்கள். போட்டதை ஒரு நோட்டில் எழுதியும் வையுங்கள்.

கே: கரண்ட் போய் வந்தால் ஒரு பழைய கணினியில் பாஸ்வேர்டு சரியாக இருந்தும் டொமைன் லாகின் ஆவதில்லை.

அதன் கடிகாரத்தைப் பாருங்கள். சர்வர் நேரத்திலிருந்து 5 நிமிஷத்துக்கு மேல் விலகினால் டொமைன் லாகினைச் சரிபார்க்கும் கெர்பரோஸ் முறை மறுத்துவிடும். மதர்போர்டில் சிஆர் 2032 பேட்டரி தீர்ந்திருக்கும், மாற்றுங்கள். அப்படியே அந்தக் கணினியில் டிஎன்எஸ் என்ன போட்டிருக்கிறது என்பதையும் பார்த்துவிட்டு எழுதுங்கள்.